இருவராக அனுப்பப்பட்டவர்கள்



சென்ற மாதத் தன்னார்வலர் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, "வேலை கஷ்டமா இருந்தா தாங்கிக்கலாம். கூட வேலை செய்யிற ஆள் கஷ்டமா இருந்தா என்ன செய்யிறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரித்ததோடு சரி, யாரும் பதில் சொல்லவில்லை. அவர் ஜனாஸா உதவிக் குழுவில் இன்னொருவரோடு இணைந்து வேலை செய்கிறார். நள்ளிரவில் அழைப்பு வரும், மையவாடியில் குழி தோண்ட ஆள் கிடைக்காது, குடும்பத்தார் அழுதுகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் "இது ஒண்ணும் நடக்காது" என்று முணுமுணுத்தால் மனம் எப்படித் தாங்கும்? சிரித்து முடித்துவிடக் கூடாத கேள்வி அது. இம்மாதப் பாடத்தை அவருக்காகவே எழுதுகிறேன்.

நம் அறக்கட்டளையின் பெரும்பாலான பணிகளுக்கு இரண்டு பேரைப் பொறுப்பாக்குவது வழக்கம். ஜகாத் விண்ணப்பங்களை வீடு வீடாகச் சென்று விசாரிப்பதற்கு இருவர், நோன்புக் கஞ்சிக்கு இருவர், மருத்துவ உதவிக்கு இருவர். ஒருவர் தவறினால் மற்றவர் பார்த்துக்கொள்வார், பணம் கையாளும் இடத்தில் இரண்டு கண்களுக்குப் பதில் நான்கு கண்கள் இருக்கும் என்பதுதான் காரணம். ஆனால் இரண்டு பேர் என்றால் இரண்டு குணங்கள், இரண்டு வேகங்கள். ஒருவருக்குப் பாத்திரம் பாதி நிறைந்திருப்பது தெரியும், மற்றவருக்குப் பாதி காலியாக இருப்பது தெரியும். நெருக்கடி வரும்போது இந்த வேறுபாடே சண்டையாகிவிடுகிறது.

யமனுக்குச் சென்ற இருவர்

நபி (ஸல்) அவர்கள் தம் வாழ்வின் பிற்பகுதியில், ஹஜ்ஜத்துல் விதாவுக்கு முன்பாக, முஆத் பின் ஜபல் (ரலி), அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) ஆகிய இருவரையும் யமன் நாட்டுக்கு அனுப்பினார்கள். யமன் அப்போது இரண்டு நிர்வாகப் பகுதிகளாக இருந்தது. ஆளுக்கு ஒரு பகுதி.

அந்தப் பணி எத்தகையது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மதீனாவிலிருந்து பல நாள் ஒட்டகப் பயணம். அங்கே வேதக்காரர்கள் இருந்தார்கள், புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர்கள் இருந்தார்கள், ஏற்காதவர்களும் இருந்தார்கள். முஆத் (ரலி) அவர்களுக்கு இடப்பட்ட கட்டளையில் வரிசை இருந்தது. முதலில் ஏகத்துவம், அதை ஏற்றால் ஐவேளைத் தொழுகை, அதன் பின் ஜகாத். செல்வந்தர்களிடம் வாங்கி அங்குள்ள ஏழைகளுக்கே கொடுக்க வேண்டும். மக்களின் பொருள்களில் மிகச் சிறந்ததாகப் பார்த்து எடுத்துவிடக் கூடாது. அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு அஞ்ச வேண்டும் என்றெல்லாம் நபியவர்கள் எச்சரித்தார்கள். ஜகாத் வசூலித்தவர்களுக்குத்தான் இதன் பாரம் புரியும். கொடுப்பவரும் முகம் சுளிப்பார், வாங்குபவரும் போதாது என்பார்.

இந்த இருவரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். முஆத் (ரலி) மதீனாவின் அன்சாரி, ஹலால் ஹராம் சட்டங்களில் தேர்ந்தவர். அபூமூஸா (ரலி) யமனைச் சேர்ந்த அஷ்அரீ குலத்தவர், அந்த மண்ணின் மைந்தர். குர்ஆனை ஓதும் அழகிய குரலுக்காக நபியவர்களால் புகழப்பட்டவர். ஒருவர் வெளியூர்க்காரர், மற்றவர் உள்ளூர்க்காரர். நம் ஊர்களில் இந்த ஒன்று போதும், சண்டைக்கு வேறு காரணமே தேவையில்லை.

அபூமூஸா (ரலி) அவர்களுக்கு அந்தப் பொறுப்பு வந்த விதமும் கவனிக்கத்தக்கது. அவருடன் அவர் குலத்தைச் சேர்ந்த இரண்டு பேர் நபியவர்களிடம் வந்து பதவி கேட்டார்கள். பதவியை ஆசைப்பட்டுக் கேட்பவருக்குக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு, கேட்காமல் இருந்த அபூமூஸாவை யமனுக்கு அனுப்பினார்கள். அவருக்குப் பின்னாலேயே முஆதையும் அனுப்பினார்கள் (புகாரி). நிர்வாகக் குழுத் தேர்தல் நெருங்கும்போது சிலருக்கு இந்தச் செய்தியை நினைவூட்டலாம் என்று தோன்றும். அது இருக்கட்டும்.

வழியனுப்பும்போது நபியவர்கள் அந்த இருவருக்கும் சேர்த்துச் சொன்ன அறிவுரைதான் நம் பாடத்தின் மையம். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அதன் கருத்து மூன்று இணைகளாக அமைந்திருக்கிறது. மக்களுக்கு எளிதாக்க வேண்டும், சிரமமாக்கக் கூடாது என்பது முதல் இணை. நற்செய்தி சொல்ல வேண்டும், வெறுத்து ஓடச் செய்யக் கூடாது என்பது இரண்டாவது. மூன்றாவது, நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் இணங்கிப் போக வேண்டும், பிணங்கிக்கொள்ளக் கூடாது என்பது.

அரபு மொழியில் ஒருமை, பன்மை தவிர இருமை என்று ஒன்று உண்டு. இரண்டு பேரை மட்டும் விளித்துப் பேசுவதற்கான வினைவடிவம் அது. தமிழில் அது இல்லாததால் மொழிபெயர்ப்பைப் படிக்கும்போது நமக்குத் தெரிவதில்லை. இந்த அறிவுரை முழுவதும் இருமையில் சொல்லப்பட்டது. நற்செய்தி சொல்வது முஆதின் வேலை, கணக்குப் பார்ப்பது அபூமூஸாவின் வேலை என்று பிரித்துக் கொடுக்கவில்லை. இருவருக்கும் அது கடமை.

முதல் இரண்டு இணைகளும் மக்களை நோக்கியவை. மூன்றாவது அந்த இருவருக்கும் இடையே உள்ளது. அது ஏன் இங்கே வந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பொறுப்பாளர்கள் இருவரும் முறைத்துக்கொண்டிருந்தால் அவர்கள் வாயிலிருந்து மக்களுக்கு நற்செய்தி வராது என்பதே எனக்குப் பட்ட பதில். உதவி கேட்டு வரும் விதவைத் தாய் நம் அலுவலக மேசைக்கு எதிரில் உட்கார்ந்த அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார், இந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று. பணம் கிடைக்கும் என்று நீங்கள் சொன்னாலும் அவருக்கு நம்பிக்கை வராது.

இணங்கிப் போவது என்பதற்கு அங்கே வந்துள்ள அரபுச் சொல்லும் ஒருவழிப் பாதையைக் குறிப்பதல்ல. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் எப்போதும் தலையாட்டுவது என்று பொருள் வராது. இன்று நீங்கள் விட்டுக்கொடுங்கள், நாளை நான் என்பதுதான் அது.

யமன் சென்ற பிறகு என்ன நடந்தது? இருவரும் தத்தம் பகுதியில் சுற்றுப்பயணம் செய்வார்கள். மற்றவரின் எல்லைக்கு அருகில் வந்துவிட்டால் நேரில் போய்ப் பார்த்து ஸலாம் சொல்லித் தோழமையைப் புதுப்பித்துக்கொள்வார்கள். அப்படி ஒரு சந்திப்பில் அவர்கள் பேசிக்கொண்டது புகாரியில் இருக்கிறது. குர்ஆனை எப்படி ஓதுகிறீர் என்று ஒருவர் மற்றவரைக் கேட்கிறார். நின்றும், உட்கார்ந்தும், வாகனத்தின் மேல் இருந்தும், இடைவெளி விட்டுவிட்டு ஓதுவதாக அபூமூஸா (ரலி) சொல்கிறார். ஒட்டகத்தில் பால் கறப்பவர் கொஞ்சம் கறந்து, மடியில் பால் ஊறும்வரை நிறுத்தி, மறுபடி கறப்பாரே, அந்தச் சொல்லையே அதற்குப் பயன்படுத்துகிறார். முஆத் (ரலி) தம் வழக்கத்தைச் சொல்கிறார். இரவின் முற்பகுதியில் தூங்கிவிடுவாராம். பிறகு எழுந்து ஓதுவாராம். எழுந்து நிற்பதற்கு நன்மையை எதிர்பார்ப்பது போலவே தம் தூக்கத்துக்கும் நன்மையை எதிர்பார்ப்பதாகச் சொல்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த உரையாடல் இது. இரண்டு அதிகாரிகள் கடினமான பணிக்கு நடுவே சந்திக்கிறார்கள். நமக்கு எட்டியிருக்கும் பேச்சு "உங்கள் பகுதியில் எவ்வளவு வசூல்" என்பதல்ல. நீர் எப்படி உம்மைப் பார்த்துக்கொள்கிறீர், எங்கிருந்து பலம் பெறுகிறீர் என்பதுதான் கேள்வி. ஒருவர் நாள் முழுவதும் சிறுகச் சிறுக ஓதுகிறார், மற்றவர் தூங்கி எழுந்து ஓதுகிறார். என் முறைதான் சரி என்று யாரும் மற்றவரைத் திருத்தவில்லை. தூக்கமும் பணியின் ஒரு பகுதி என்று ஒரு நபித்தோழர் கருதியதை, ரமலான் கடைசிப் பத்தில் தூங்காமல் வேலை செய்து எல்லோர் மீதும் எரிந்து விழும் நம் சகோதரர்கள் கவனிக்க வேண்டும்.

எங்கள் ஜூன் மாதம்

இதையெல்லாம் படித்தவன்தான் நானும். ஆனாலும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கல்வி உதவிப் பொறுப்பில் இருந்தபோது நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிப்பது நேர்மையாக இருக்காது.

என்னுடன் பொறுப்பில் இருந்தவர் என்னைவிட மூத்தவர், மளிகைக் கடை வைத்திருப்பவர். காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஆண்டு 63 பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. நான்கு பேர் பெரிய தொகை தருவதாக வாக்களித்திருந்தார்கள். மே மாதம் முடிந்தது, பணம் வரவில்லை. காக்கா தினமும் கேட்பார். "வந்துடும் காக்கா, இன்ஷா அல்லாஹ்" என்பேன். "எப்ப தம்பி? எவ்வளவு?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். இவர் எப்போதும் இல்லாததையே பார்க்கிறாரே, அல்லாஹ்வின் மேல் நம்பிக்கை வேண்டாமா என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க இன்ஷா அல்லாஹ் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுறீங்க தம்பி. பிள்ளைக்குப் புத்தகம் கொடுக்கலைன்னு கடை வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும். மத்த ஆளுங்க சாமான் வாங்கிட்டுப் போற வரைக்கும் அந்தத் தாய் ஓரமா நிக்கிறாங்க. அதை நீங்க பாத்ததில்லை."

உண்மையில் நிலைமை அவர் நினைத்ததைவிட மோசம். வாக்களித்தவர்களில் ஒருவர் வளைகுடாவில் வேலை இழந்துவிட்டார், மூன்றில் ஒரு பங்குதான் தர முடியும் என்று எனக்கு இரண்டு வாரம் முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தார். காக்காவின் மனம் தளர்ந்துவிடக் கூடாது என்று நான் அதை மறைத்து வைத்திருந்தேன். அதை நான் நன்னம்பிக்கை என்று நினைத்தேன். அது நன்னம்பிக்கை அல்ல. கெட்ட செய்தியைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அவ்வளவுதான். இரண்டு வாரம் முன்பே சொல்லியிருந்தால் பள்ளி திறக்கும் முன் நிர்வாகத்தைப் பார்த்துத் தவணை கேட்டிருக்கலாம். பள்ளி திறந்த பின் போய் நின்றபோது ஆறு பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்ஷா அல்லாஹ் என்ற சொல்லை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று அன்றிரவு யோசித்தேன். கஹ்ஃப் அத்தியாயத்தில் (18:23–24) அது நாளை ஒன்றைச் செய்யப்போகிறேன் என்று உறுதிகொள்பவருக்குக் கற்பிக்கப்பட்ட சொல். செய்யும் எண்ணத்தோடு சேர்ந்தது. நாமோ பேச்சை முடித்து வைப்பதற்கு அதைப் பயன்படுத்துகிறோம்.

பயத்தைச் சொன்ன நபிமார்கள்

மூஸா (அலை), ஹாரூன் (அலை) வரலாற்றை அதன் பிறகு வேறு கண்ணோடு படித்தேன். குர்ஆனில் இரண்டு பேர் சேர்ந்து செய்த மிகக் கடினமான பணி எது என்றால் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. ஃபிர்அவ்னின் அவைக்குப் போய் பனூ இஸ்ராயீலை விடுவிக்கக் கேட்க வேண்டும்.

மூஸா (அலை) அந்தப் பணியை ஏற்கும்போதே தம் குறையைச் சொல்கிறார்கள். நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு துஆ செய்கிறார்கள், தம் குடும்பத்திலிருந்து சகோதரர் ஹாரூனை உதவியாளராகக் கேட்கிறார்கள், அவரைத் தம் பணியில் பங்காளியாக்கக் கேட்கிறார்கள் (20:25–35). ஹாரூன் தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடியவர் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள் (28:34). என்னைவிட அவர் இதில் சிறந்தவர் என்று நம் கூட்டாளியைப் பற்றி, அதுவும் அவர் இல்லாத இடத்தில், நாம் கடைசியாக எப்போது சொன்னோம்? அந்தத் துஆவின் முடிவில் சொல்லப்படும் நோக்கம்கூட, இருவரும் சேர்ந்து அல்லாஹ்வை அதிகம் துதிக்க வேண்டும், அதிகம் நினைக்க வேண்டும் என்பதுதான்.

இருவரும் புறப்படும் வேளையில், ஃபிர்அவ்ன் தங்கள் மீது அத்துமீறிப் பாய்ந்துவிடுவானோ என்று அஞ்சுவதாக அல்லாஹ்விடம் சொல்கிறார்கள் (20:45). இருவரும் சேர்ந்து சொன்னதாகவே வசனம் வருகிறது. ஒருவர் பயத்தை மறைத்து மற்றவருக்குத் தைரியம் காட்டவில்லை. அல்லாஹ்வும் பயந்ததற்காக அவர்களைக் கண்டிக்கவில்லை. பயப்பட வேண்டாம், உங்கள் இருவரோடும் நான் இருக்கிறேன், கேட்கிறேன், பார்க்கிறேன் என்ற ஆறுதல் கிடைக்கிறது. அதுவும் இருமையில்தான். பயத்தைச் சொன்ன பிறகே அந்த ஆறுதல் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காக்கா பயத்தைச் சொன்னார். அதை ஈமானின் குறைவு என்று நான் எடுத்துக்கொண்டது எவ்வளவு பெரிய தவறு!

யூனுஸ் அத்தியாயத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஃபிர்அவ்னுக்கு எதிராகத் துஆ கேட்டவர் மூஸா (அலை) என்றே வசனம் சொல்கிறது. ஆனால் பதில் வரும்போது உங்கள் இருவரின் துஆவும் ஏற்கப்பட்டது என்று வருகிறது (10:88–89). மூஸா துஆ செய்ய, ஹாரூன் ஆமீன் சொன்னார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்கம் தருகிறார்கள். மேடையில் பேசியவர் ஒருவர், பின்னால் நின்று ஆமீன் சொன்னவர் ஒருவர். அல்லாஹ்விடத்தில் இருவரும் கேட்டவர்களே.

தாடியைப் பிடித்த கை

இவ்வளவு நெருக்கமான இருவருக்கும் இடையே ஒரு நாள் கடுமையான மோதல் வந்தது. குர்ஆன் அதை மறைக்கவில்லை.

மூஸா (அலை) தூர் மலைக்குச் செல்லும்போது சமூகத்தை ஹாரூன் (அலை) பொறுப்பில் விட்டுச் செல்கிறார்கள். முப்பது இரவுகள் நாற்பதாயின (7:142). திரும்பி வரும்போது மக்கள் காளைக் கன்றை வணங்கிக்கொண்டிருக்கிறார்கள். பல வருட உழைப்பு பாழானதைப் பார்த்த கோபத்தில் பலகைகளைப் போட்டுவிட்டு, சகோதரரின் தலையைப் பிடித்து இழுக்கிறார்கள். தாஹா அத்தியாயத்தில் தாடியும் சேர்த்துச் சொல்லப்படுகிறது.

அப்போது ஹாரூன் (அலை) பேசியதை நிதானமாகப் படியுங்கள் (7:150, 20:94). தம்மை இழுப்பவரைத் தாயின் மகனே என்று அழைக்கிறார்கள். பதவியைச் சொல்லவில்லை, பெயரைச் சொல்லவில்லை, உறவைச் சொன்னார்கள். பிறகு நடந்ததைச் சொன்னார்கள். மக்கள் தம்மைப் பலவீனராக எண்ணிக் கொன்றுவிடும் நிலைக்கு வந்தார்கள். சமூகத்தைப் பிளவுபடுத்திவிட்டாய் என்று நீர் சொல்வீரோ என்று அஞ்சினேன். எதிரிகள் பார்த்துச் சிரிக்கும்படி என்னை ஆக்கிவிடாதீர் என்ற கருத்தில் பேசினார்கள். ஹாரூன் (அலை) சும்மா இருந்துவிடவில்லை, இது சோதனை என்று மக்களை எச்சரித்திருந்தார்கள் என்பதையும் குர்ஆன் பதிவு செய்கிறது (20:90).

மூஸா (அலை) என்ன செய்தார்கள்? கேட்டார்கள். கேட்டு முடித்ததும், என்னையும் என் சகோதரரையும் மன்னித்து உன் அருளில் நுழையச் செய் என்ற துஆ (7:151). முதலில் தமக்கு, பிறகு அவருக்கு. நான் தவறு செய்யவில்லை, இவரை மட்டும் மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. பிறகு சில வசனங்கள் கழித்து, கோபம் தணிந்ததும் கீழே போட்ட பலகைகளை எடுத்துக்கொண்டார்கள் என்று வருகிறது (7:154). வேலை மறுபடி தொடங்கியது.

பிரச்சினையின் காரணம் கூட்டாளி அல்லர், ஸாமிரீ. கோபம் முதலில் போய் விழுந்தது பக்கத்தில் இருந்தவர் மேல். எங்கள் விஷயத்திலும் அப்படித்தான். பணம் வராததற்குக் காக்கா காரணமல்ல. எரிந்து விழுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர் அவர்.

பேசாமல் எழுந்து நின்றது

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 1,400 தோழர்கள் உம்ரா செய்ய வந்தார்கள், தடுக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைக்குக் குறைஷியர் சுஹைல் என்பவரை அனுப்பியபோது நபியவர்கள் அந்தப் பெயரைக் கொண்டே காரியம் எளிதாகும் என்று நல்லதாக எடுத்துக்கொண்டார்கள். எளிது என்ற பொருள் அந்தப் பெயரில் இருக்கிறது. சகுனம் பார்ப்பதை வெறுத்த நபியவர்கள், நல்ல சொல்லைக் கேட்டு மகிழ்வதை விரும்பினார்கள்.

ஆனால் உடன்படிக்கை எழுதி முடிந்ததும் தோழர்களின் மனம் உடைந்தது. உமர் (ரலி) நபியவர்களிடம் சென்று கேள்விகள் கேட்டார்கள். பிறகு அதே கேள்விகளை அபூபக்ர் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். அபூபக்ர் சொன்ன பதில், நபியவர்கள் சொன்னதைக் கேட்டிராமலேயே, ஏறக்குறைய அதேதான். சோர்ந்துபோன தோழரை விரட்டவில்லை. கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்கள்.

அங்கேயே பலிப்பிராணிகளை அறுத்துத் தலைமுடி மழிக்குமாறு நபியவர்கள் மூன்று முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. கூடாரத்துக்குள் வந்து உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சொன்னபோது அவர்கள் தந்த ஆலோசனை வியப்பானது. வெளியே போய் யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசாமல், உங்கள் பிராணியை நீங்கள் அறுங்கள், நாவிதரை அழைத்து முடியை மழித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நபியவர்கள் அப்படியே செய்தார்கள். பார்த்த தோழர்கள் எழுந்தார்கள்.

கூட வேலை செய்பவர் மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும் நாளில் நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? உபதேசம் செய்கிறோம். ஸப்ர் வேண்டும், தவக்குல் வேண்டும் என்று வசனங்களை அடுக்குகிறோம். அது அவர் காதில், உனக்கு ஈமான் குறைவு என்று விழுகிறது. சில நாள்களில் பேச்சு வேண்டாம். அடுத்த விண்ணப்பத்தை எடுத்து நாமே பூர்த்தி செய்யத் தொடங்கினால் போதும்.

அந்த ஜூன் மாதம் எப்படி முடிந்தது

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் காக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொலைபேசி வந்த தேதியையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இப்பயாவது சொன்னீங்களே. வாங்க, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு முதல்ல போகலாம்?" என்றார். எதிர்மறையாகப் பேசுபவர் என்று நான் முத்திரை குத்தியிருந்தவர் முதலில் எழுந்தார்.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஃபஜ்ருக்குப் பின் பத்து நிமிடம். ஒரு நாற்பது பக்க நோட்டு. முதலில் நேற்று நடந்த நல்லதை எழுதுவோம். எவ்வளவு சிறியதானாலும் சரி, ஒரு பிள்ளைக்குச் சீருடை கிடைத்ததானாலும் சரி. இதை எழுதுவது என் வேலை இல்லை, காக்காவின் வேலை. அடுத்து, இல்லாதது எவ்வளவு என்ற எண். அதை எழுதுவது என் வேலை. வேலையை இப்படி மாற்றிப் போட்டது காக்காவின் யோசனை. முதல் வாரம் இருவருக்குமே கடினமாக இருந்தது. அவருக்கு நல்லது எழுத வார்த்தை வரவில்லை, எனக்குப் பற்றாக்குறையின் எண்ணை எழுதக் கை வரவில்லை. பிறகு அன்றைக்கு யார் யாரைப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்வோம். கடைசியாக ஒருவர் துஆ, மற்றவர் ஆமீன்.

இரண்டு விதிகளும் உண்டு. கெட்ட செய்தி வந்தால் அன்று இரவுக்குள் மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும். மற்றவரைப் பற்றிய குறையை மூன்றாவது ஆளிடம் கொண்டுபோகக் கூடாது, செயலாளரிடம்கூட. முதலில் திண்ணையில் பேசிவிட வேண்டும். பணம் தொடர்பான தவறு மட்டும் இதற்கு விலக்கு. அதை மறைப்பது தோழமை ஆகாது, உடனே நிர்வாகத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு பள்ளிகள் தவணைக்கு ஒத்துக்கொண்டன, ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு பிள்ளைகளில் நால்வருக்கு அந்த மாதமே புத்தகம் கிடைத்தது. மற்ற இருவரையும் பெற்றோர் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். நன்றாகவே படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் அந்தத் தாய்மார்களில் ஒருவரைத் தெருவில் பார்த்தால் எனக்கு இன்றும் தலை தாழ்ந்துவிடும். மொத்தக் கட்டணமும் கட்டி முடிக்க செப்டம்பர் ஆயிற்று.

யமனிலிருந்து முஆத் (ரலி) திரும்பியபோது நபியவர்கள் உலகை விட்டுப் பிரிந்திருந்தார்கள். வழியனுப்பிய நாளிலேயே, இந்த ஆண்டுக்குப் பிறகு என்னைச் சந்திக்காமல் போகலாம் என்ற குறிப்பை நபியவர்கள் கொடுத்திருந்தார்கள், முஆத் அழுதார்கள் என்று முஸ்னத் அஹ்மதில் வருகிறது. அந்தத் துயரத்தையும் நெஞ்சில் சுமந்துகொண்டுதான் அவர்கள் மக்களுக்கு நற்செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தில் கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்கள் கூட்டாளி நள்ளிரவில் முணுமுணுக்கிறார் என்றீர்கள். குழி தோண்டும் ஆளிடம் பேசி ஏற்பாடு செய்வது யார், நீங்களா அவரா? அவர் என்றால், அடுத்த அழைப்பு வரும்போது அந்தப் பேச்சை நீங்கள் பேசிப் பாருங்கள், குடும்பத்தாரிடம் அவர் போய் நிற்கட்டும். அதன் பிறகு ஒரு நாள் அஸருக்குப் பின் இருவரும் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே கேளுங்கள், எங்கே சிரமம் என்று.

இந்த ஆண்டு எங்களிடம் இதுவரை 71 விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. தேவையில் பாதிக்குச் சற்று மேல் வாக்குறுதி கிடைத்திருக்கிறது. புது நோட்டு வாங்கியாகிவிட்டது. முதல் பக்கத்தில் காக்காவின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: போன வருடம் உதவி பெற்ற ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் கொண்டுவந்து கடையில் கொடுத்துவிட்டுப் போனான். அதன் கீழே பற்றாக்குறைத் தொகையை எழுதியிருக்கிறேன்.